ஆஸ்திரேலியா கொத்துக்கறி

வளைகுடா ஊரான ஃபஹாஹீலில் மாட்டுக்கறி வாங்குகிற தமிழ் ஆட்களுக்குக் கௌஸ் முகைதீனைத் தெரியாமல் இருக்காது. அதிராம்பட்டினத்துக்காரர். வந்த புதிதில் அந்தக் கடையைப் பெருக்கித் துடைத்தவர், இன்றைக்குக் கறி கவுண்டருக்கே ராஜா. ஒவ்வொரு தட்டிலும் அவர் கையால் குத்திய குட்டிக் கொடி நிற்கும்: இந்தியா, பாகிஸ்தான், பிரேசில், ஆஸ்திரேலியா. கொடியை மாற்றிக் குத்தி ஏமாற்றுகிற வேலைக்குக் கௌஸ் போகவே மாட்டார். அந்தப் பெருமையில்தான் மனுஷன் கோட்டைவிட்டார்.

நர்ஸ் இன்பமணி குமரிக் கடற்கரைப் பெண். மகள் அக்ஸாவுக்குக் கட்லெட் என்றால் உயிர். விலை கூடினாலும் ஆஸ்திரேலியா என்றால் பயமில்லை என்று அதைத்தான் வாங்குவாள். அங்கே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை சர்ச் முடிந்து அவள் வருவதற்குள் கறி தீர்ந்துவிடும். ஆகவே கௌஸ் முன்கூட்டியே கொத்தி, பொட்டலம் கட்டி, ஸ்டிக்கர் ஒட்டி எடுத்துவைப்பார். சில்லர் என்கிற குளிர்பெட்டிக்குள் வைத்தால், உடன் வேலை செய்கிறவன் வேறு யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவான். அதனால் கல்லா மேசைக்கு அடியில் வைப்பார். ஜும்ஆ தொழுதுவிட்டு வருகிற நேரம்தானே, என்ன ஆகிவிடப் போகிறது! அதுவரை ஒன்றும் ஆகவில்லை, அது அவர் நல்லகாலம்.

அந்த ஆகஸ்ட் வெள்ளியன்று தொழுகை முடிந்ததும் ஊர்க்காரர் ஒருவர், குழந்தைக்குப் பேர் வைக்கிற விருந்து என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சஹன் சாப்பாடு. நாலு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால் நடுவில் எழுவது மரியாதை இல்லை. பொட்டலம் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. பிரியாணியும் நன்றாக இருந்தது, உட்கார்ந்துவிட்டார்.

திரும்பிவந்து ஷட்டரைத் தூக்கினால் கடை அனலடித்தது. கடை அடைக்கும்போது ஏசியை அணைக்க வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. பொட்டலம் வெதுவெதுவென்று இருந்தது. மோந்து பார்த்தார், நாற்றமில்லை. அதற்குள் வாசலில் இன்பமணி வந்து நின்றாள், தோளில் அக்ஸா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்திரேலியாதானே அண்ணே?"

"ஆமா தங்கச்சி."

பொய்யில்லை. அவள் கேட்டதற்குச் சரியான பதில்தான். அப்படித்தான் அன்று முழுக்கத் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அடுத்த வெள்ளி அவளைக் காணோம். அதற்கடுத்த வெள்ளி வந்தாள், முகமெல்லாம் வாடியிருந்தது. அரைக்கிலோ வாங்கிக்கொண்டே சொன்னாள். அக்ஸாவுக்கு வாந்தியும் பேதியும் நிற்காமல் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்களாம், பிழைத்தது மறுபிறப்பாம். கௌஸ் கத்தியைக் கீழே வைத்தார்.

"நம்ம கறி ஆஸ்திரேலியாவாச்சே. ஒரே ஃபிரிட்ஜில டெல்பினுக்க இந்தியா கறியும் இருந்துது. அதுதான் எனக்க பிள்ளையச் சீரழிச்சது" என்றாள்.

டெல்பின் அவளோடு ஒரே ஃபிளாட்டில் இருக்கிற நர்ஸ். இவள் டியூட்டிக்குப் போகும்போதெல்லாம் அக்ஸாவுக்குச் சோறூட்டித் தூங்கவைத்தவள். அவளைப் பார்த்து இன்பமணி சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லிவிட்டாளாம். டெல்பின் அழுதுகொண்டே சாமான் கட்டுகிறாளாம்.

அப்பாடா, தப்பித்தோம் என்று கௌஸின் மனசு ஒரு நொடி ஆறியது. ஆறியதே, அதை நினைத்து அவருக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. டெல்பினின் கறியும் இவர் கவுண்டரில் வாங்கியதுதான். சில்லரிலிருந்து நேரே அவள் பைக்குள் போன கறி. அது இவர் ஒருவருக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் ஒரு பாவமும் அறியாத பெண் பெட்டியோடு தெருவில் நிற்பாள்.

"டெல்பின் மேல பழி போடாதே தங்கச்சி" என்றார். "கறி ஆஸ்திரேலியாதான். ஆனா ஏசி இல்லாத கடையில அதை வெளிய வெச்சிட்டு நான் விருந்துக்குப் போயிட்டேன். வந்து தொட்டப்ப சூடா இருந்துச்சு. தெரிஞ்சேதான் உனக்குக் குடுத்தேன்."

இன்பமணி கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். பிறகு போனை எடுத்து டெல்பினைக் கூப்பிட்டாள். முதல்முறை எடுக்கவில்லை. இரண்டாம்முறை எடுத்தாள்.

"போவாத மக்கா. நான் வாறேன்" என்றாள், அவ்வளவுதான், அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கையிலிருந்த பொட்டலத்தைக் கவுண்டர்மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் போனாள். ஆஸ்திரேலியா ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிந்தது. கௌஸ் அதைத் தொட்டுப் பார்த்தார். இந்தமுறை ஜில்லென்றுதான் இருந்தது.