‘ஒழுங்காக’ என்ற கட்டத்தில் ஒரு புள்ளடி

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கப் பங்கொன்றின் அலுவலகத்தில் பிறிஜெற் இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுதுவினைஞராக இருக்கிறார். திருமுழுக்கு ஏட்டைப் பார்த்துச் சான்றிதழ் எழுதுவதும், திருமண அறிவித்தல் தயாரிப்பதும், மண்டபத்தின் திறப்புக் கொத்தை எடுத்துக் கொடுத்துத் திரும்பக் கேட்டு வாங்குவதும் அவருடைய வேலைகள். அவை அவருக்குப் பாரமல்ல. கத்தோலிக்கப் பாடசாலைகள் முதலாம் வகுப்புக்கு விண்ணப்பம் கோரும் மாதம் வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்காது. பங்குத்தந்தையின் சிபாரிசு கேட்கும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: ‘பெற்றோர் ஞாயிறு திருப்பலிக்கு வருகின்றனரா?’ கீழே மூன்று கட்டங்கள்: ஒழுங்காக, இடையிடையே, இல்லை. புள்ளடி இடுபவர் பிறிஜெற், ஒப்பமிடுபவர் பங்குத்தந்தை.

இத்தனை ஆண்டுகளில் அவர் ஒரேயொரு பொய்ப் புள்ளடிதான் இட்டிருக்கிறார். துறைமுகத்தில் ஞாயிறும் வேலை செய்த ஷெல்டன் வந்து, “அக்கா, நான் பூசைக்கு வாறேல்லை. இது பொய்தான். பிள்ளைக்காக ஒருக்காப் போட்டுத் தாங்கோ” என்று தலைகுனிந்து நின்றார். பிறிஜெற் போட்டுக் கொடுத்தார். அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறி வெள்ளவத்தைக் கோயிலுக்குப் போய் அங்குள்ள குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். சொந்தப் பங்கில் எப்படிச் சொல்வது? படிவத்தில் ஒப்பமிட்டவரல்லவா இங்கே பாவசங்கீர்த்தனமும் கேட்கிறார்!

இந்த ஆண்டு ஷாமிலா வந்தாள். அவள் பிறிஜெற்றின் ஞானப்பிள்ளை. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் திருமுழுக்கில் அந்தக் குழந்தையைக் கையில் ஏந்தி, அதற்காக “விசுவசிக்கிறேன்” என்று சொன்ன வாய் பிறிஜெற்றுடையது.

“அன்ரி, ‘ஒழுங்காக’ எண்டதில போடுங்கோ.”

“நீ கோயில் வாசல் மிதிச்சு நாலு வருஷம், பிள்ளை.”

“கோயிலுக்கு வந்தாத்தான் வந்ததோ? நான் காலிமுகத்திடலில கடலைப் பாத்து நடக்கேக்க மனசுக்குள்ள கும்பிடுறன். அதுதான் என்ட பூசை. உங்கட உண்மை உங்களுக்கு, என்ட உண்மை எனக்கு.”

“அங்க ஆர் பிரசங்கம் வைக்கிறது? இஸ்ஸோ வடை விக்கிறவரோ?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஷாமிலா சிரிக்கவில்லை. அவள் நம்பிக்கை இழந்தது பிறிஜெற்றுக்கு நோவுதான். ஆனாலும் அதை அவர் ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. குரலைத் தாழ்த்தினார்.

“சரி. இது பொய் எண்டு ஒருக்காச் சொல்லு. இப்பவே போட்டுத் தாறன்.”

“ஏன் சொல்லோணும்? எல்லாரும் இப்பிடித்தானே.”

“முந்தி ஒருத்தர் சொன்னவர். குடுத்தனான்.”

“அப்ப, பொய் எண்டு தெரிஞ்சு கேட்டவருக்குக் குடுப்பீங்கள். உண்மை எண்டு நம்பிக் கேக்கிற எனக்கு இல்லை. நல்ல நியாயம் அன்ரி!”

அந்த நியாயம் எங்கோ பிழை என்று பிறிஜெற்றுக்குத் தெரிந்தது. எங்கே என்று எடுத்துச் சொல்லத்தான் தெரியவில்லை. படிவத்தை ஒதுக்கி வைத்தார்.

சத்தம் கேட்டுப் பங்குத்தந்தை வெளியே வந்தார். “விடுங்கோ பிறிஜெற், பிள்ளையின்ர படிப்பு. மனச்சாட்சி அவரவருக்குத் தெரியும். நாங்கள் ஆர் தீர்ப்பிட?” என்றபடி பிறிஜெற்றின் பேனையையே எடுத்து ‘ஒழுங்காக’ என்றதில் புள்ளடி போட்டு ஒப்பமிட்டார்.

“தீர்ப்பிடாட்டி, ஃபாதர், இந்தக் கேள்வியை ஏன் கேக்கிறம்?”

“கேக்கிறது நாங்களில்லையே. பாடசாலையின்ர ஃபோம்தானே அது.”

ஒப்பத்துக்குக் கீழே முத்திரை குத்துவது பிறிஜெற்றின் கடமை. குத்தினார். ஷாமிலா அவருடைய கன்னத்தில் முத்தமிட்டு, “கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்குக் கட்டாயம் வருவன் அன்ரி” என்று சொல்லிப் போனாள்.

சனிக்கிழமை பிறிஜெற் மறுபடியும் வெள்ளவத்தைக்குப் போனார். பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டு, “சுவாமி, ஒரு பொய்க்கு முத்திரை குத்தினனான்” என்றார்.

“பொய்யைச் சொன்னது ஆர், மகள்?” என்று கேட்டார் குருவானவர்.

ஷாமிலாவுக்கு அது அவளுடைய உண்மை. பங்குத்தந்தைக்கு அது பாடசாலையின் படிவம். பாடசாலைக்கோ அது பங்குத்தந்தையின் ஒப்பம்.

“ஒருத்தரும் இல்லையாம், சுவாமி!” என்றார் பிறிஜெற். குரல் உயர்ந்துவிட்டது. வாங்குகளில் அமர்ந்து காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.