நர்சம்மாவின் நீலக் கார்

படுக்கையோடு கிடப்பவர்களின் வீடு தேடிப் போய்ப் புண் கட்டுவதும் ஊசி போடுவதும்தான் நர்சம்மாவின் வேலை. அவளுக்கு நாற்பத்தோரு வயதானபோது ஆஸ்பத்திரி நிர்வாகம் அந்த வேலைக்கென்று ஓடிக்கொண்டிருந்த வேனை நிறுத்தியது. சொந்த வண்டி இருக்கிற நர்சுகள் தொடர்ந்து வீடுகளுக்குப் போகலாம், மற்றவர்கள் வார்டுக்குத் திரும்ப வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள்.

வார்டுக்குத் திரும்ப அவளுக்கு மனமில்லை. மலைச்சரிவில் பதினேழு வீடுகள் அவள் பொறுப்பில் இருந்தன. எந்த வீட்டுப் படி வழுக்கும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு வாரம் விசாரித்ததில், ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவரின் கொட்டகையில் ஆறு வருடமாகத் துணி போர்த்தி நின்ற நீல நிறக் கார் கிடைத்தது. ஜப்பானில் செய்த வண்டி. அப்போதே அதற்கு இருபத்தெட்டு வயது. கூடவே வந்த கையேடும் ஜப்பான் மொழியில்தான் இருந்தது.

நர்சம்மாவின் கணவர் முடிதிருத்துபவர். கடைவீதியில் அவருக்கு மூன்று நாற்காலி போட்ட சலூன் இருந்தது. ஊரில் எந்தச் செய்தியும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் அடுத்த தெருவுக்குப் போகும். காரைப் பற்றிய பேச்சும் அப்படித்தான் கிளம்பியது. கிளப்பிவிட்டவர் நர்சம்மாவின் சொந்த அண்ணன்.

"வண்டின்னு ஒண்ணு வாங்கியிருக்கா பாரு, எனக்குக் கல்யாணம் ஆனப்போ பொறந்தது!" என்று கழுத்தில் கட்டிய துணியோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார் அண்ணன். "கோழி அடைச்சு வைக்கலாம். ஓட்டவெல்லாம் முடியாது மாப்ளே."

"ஓட்டுவா, மச்சான்," என்றார் கணவர். சொன்னாரே தவிர, அவர் குரலில் தெம்பில்லை.

இரண்டாவது மாதமே அண்ணன் சொன்னது பலித்துவிட்டது போலிருந்தது. மலை வளைவு ஒன்றில் வெப்பமுள் சிவப்புக்கோட்டைத் தொட்டது. முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி குபுகுபுவென்று வந்தது. மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மீதி இரண்டு வீடுகளுக்கும் நடந்தே போய்வந்தாள். அதற்குள் எஞ்சின் ஆறியிருந்தது. தண்ணீர் ஊற்றி மெல்ல ஓட்டிக்கொண்டு வந்து மெக்கானிக்கிடம் விட்டாள். அவர் எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றிக் கொடுத்தார். நான்கே நாளில் மறுபடியும் அதே வளைவு, அதே ஆவி.

"எஞ்சினே போச்சும்மா. வேற எஞ்சின் போட்டாத்தான் உண்டு," என்று மெக்கானிக் கையை விரித்தார்.

நர்சம்மாவுக்குச் சுருக்கென்றது. காய்ச்சல் என்று வந்தவனிடம் ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் ஆளையே மாற்று என்கிற வைத்தியத்தை அவள் பார்த்ததில்லை.

"எஞ்சின் போச்சுன்னா எண்ணெயில தண்ணி கலந்திருக்கணும்ல? எண்ணெய் அளவு பாக்குற குச்சியில எண்ணெய் சுத்தமா இருக்கே. வெள்ளைப் புகையும் வரலையே?" என்று கேட்டாள்.

மெக்கானிக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இதெல்லாம் யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. கேக்குறேன்."

மெக்கானிக் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினாள். அன்று மாலையே நோயாளிகளுக்கு வைப்பதுபோல ஒரு அட்டை எடுத்து, மேலே 'நீலக் கார், வயது 28' என்று எழுதினாள். எந்தச் சூட்டில் கொதிக்கிறது, எவ்வளவு தண்ணீர் குறைகிறது, ஏறும்போதா இறங்கும்போதா என்று தினமும் குறித்தாள். கையேட்டின் எழுத்து புரியாவிட்டாலும் படங்கள் புரிந்தன. நர்சிங் படிப்பில் உடற்கூறு படித்தவளுக்குக் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொடர்ந்து போவதொன்றும் புதிதில்லை.

இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. ரேடியேட்டர் மூடியின் உள்ளே இருந்த ரப்பர் வளையம் காய்ந்து கல்லாகியிருந்தது. மூடி அழுத்தத்தைத் தாங்காததால் தண்ணீர் சீக்கிரமே கொதித்தது. அதோடு, தெர்மோஸ்டாட் மாற்றியபோது குழாய்களுக்குள் புகுந்த காற்றை மெக்கானிக் வெளியேற்றவே இல்லை. புதிய மூடி வாங்கினாள். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தினாள். மூடியைத் திறந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தை ஊற்றி, ஹீட்டரை முழுதாகத் திருகிவிட்டு எஞ்சினை ஓடவிட்டாள். குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து வெடித்தன. குமிழி நின்று மட்டம் இறங்காமல் நிலைத்த பிறகுதான் மூடினாள்.

அடுத்த நாள் அதே வளைவில் முள் பாதியைத் தாண்டவில்லை. வண்டியை ஓரங்கட்டி இறங்கி, யாரும் இல்லாத அந்த மலைச்சாலையில் தனியாக நின்று கைதட்டினாள்.

ஆனால் அந்தக் கல்லான ரப்பர் வளையம் அவள் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மூடிக்குள் இருந்த ரப்பருக்கு இந்தக் கதி என்றால் மற்ற ரப்பரெல்லாம்? பல் மருத்துவர் விற்கும்போது, "ரொம்பக் கம்மியாத்தான் ஓடியிருக்கு" என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தாள். சக்கரத்தின் பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாயை வளைத்தால் மேல்தோல் பாளம் பாளமாக விரிந்தது. எஞ்சினின் உயிரே தொங்கிக்கொண்டிருக்கும் டைமிங் பெல்ட்டை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை. அது அறுந்தால் எஞ்சின் மெய்யாகவே போய்விடும்.

அன்று அவள் தனக்கென்று ஒரு வரிசை வகுத்துக்கொண்டாள். முதலில் நிற்க வேண்டும், பிறகு திரும்ப வேண்டும், பிறகு சூடாகாமல் இருக்க வேண்டும், ஓட்டமும் அழகும் அதற்கப்புறம். அந்த வரிசைப்படியே பிரேக் குழாயும் டயரும் முதலில் வந்தன. ஒரு நேரத்தில் ஒரே வேலை. அதை முடித்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்தது. கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கி எறியாமல் தேதி எழுதிப் பெட்டியில் போட்டாள். தன்னால் முடியாததை மறைக்கவும் இல்லை. டைமிங் பெல்ட்டை அதே மெக்கானிக்கிடம்தான் கொண்டுபோனாள், பக்கத்தில் நின்று பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு. அவரும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பெல்ட்டைக் கழற்றிப் பார்த்ததும் அவர் முணுமுணுப்பு நின்றது. மூன்று பற்கள் வேரோடு பெயர்ந்திருந்தன.

"நீங்க சொன்னது சரிதாம்மா," என்றார்.

எல்லாமே இப்படிச் சரியாகவே நடந்தது என்று சொல்லிவிட முடியாது. விளக்கு மங்கலாக இருக்கிறதென்று ஒரு நாள் அதிக வெளிச்சம் தரும் பல்புகளை வாங்கி மாட்டினாள். பதினைந்து நிமிடத்தில் ஸ்டியரிங் பக்கமிருந்து பொசுங்கும் நெடி வந்தது. பழைய மெல்லிய கம்பிகளும் விளக்குப் பொத்தானும் அந்த மின்சாரத்தைத் தாங்கவில்லை. கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என் கடையில முடி கருகினாக்கூட இப்படி நாறாது" என்றார். நர்சம்மா புதிய பல்புகளைக் கழற்றினாள். பழைய பல்புகளையே திரும்ப மாட்டினாள். துருப்பிடித்திருந்த எர்த் கம்பி முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தாள். மின்சாரப் பளுவைத் தாங்கும் ரிலே, ஃப்யூஸ் வைத்துப் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த கம்பி இழுத்தாள். பழைய பல்புகளே பளிச்சென்று எரிந்தன. அட்டையில் அந்தத் தேதிக்கு எதிரே, 'என் தப்பு. கம்பியைப் பார்க்காமல் பல்பை மாற்றினேன்' என்று எழுதிவைத்தாள்.

இப்படியே ஐந்து வருடம் போனது. வண்டியால் ஒரு நாள்கூட ஒரு வீடு தவறவில்லை. அப்போதுதான் அவளுடைய பட்டியலில் நீச்சல் டீச்சர் சேர்ந்தார்.

டீச்சருக்கு அறுபத்தெட்டு வயது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை.

"நர்சம்மா, மூணு வருஷமா இந்த ஜன்னலையே பாக்குறேன். ஜன்னலுக்கே என்னைப் பாத்து அலுத்துப்போச்சு," என்றார் ஒரு நாள்.

மலைக்கு அந்தப் பக்கம் இருந்த நீச்சல்குளத்தில் அடுத்த மாதம் போட்டி. அவரிடம் படித்தவர்களின் பிள்ளைகள் நீந்துகிறார்கள். போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் கனத்த உடம்பு. குனிந்து, காலை மடக்கி, காருக்குள் நுழைய அவரால் முடியாது. மகன் ஒருமுறை முயன்று பார்த்து, இருவரும் வாசலில் விழுந்தார்கள். அதற்குப் பிறகு டீச்சர் கார் ஏறவே மறுத்துவிட்டார்.

பழைய வண்டிகளை உடைத்துப் பாகம் விற்கும் இடத்துக்கு நர்சம்மா அடிக்கடி போவதுண்டு. அங்கே ஒரு ஜப்பான் வேனின் முன்சீட் கவனத்தை இழுத்தது. ஒரு பிடியை இழுத்தால் சீட் அப்படியே வாசல் பக்கம் திரும்பியது. நடக்க முடியாதவர்களுக்காகவே செய்த சீட். வெளியில் இருந்தே உட்காரலாம், உட்கார்ந்ததும் உள்ளே திருப்பிவிடலாம். அதில் உட்கார்ந்து நாலு தடவை சுற்றிப் பார்த்தாள். கடைக்காரர் சிரித்தார்.

சிக்கல் என்னவென்றால் வேன் சீட்டின் துளைகளும் நீலக் காரின் தரைத் துளைகளும் ஒத்துப்போகவில்லை.

"தரையோட வெல்டிங் வச்சு ஒட்டிடலாம். அரை மணி வேலை," என்றார் வெல்டர்.

"வேணாங்க. தரை மெல்லிய தகடு. இடிச்சா தகட்டோட பிச்சுக்கிட்டு வந்துடும். வண்டி செஞ்சவங்க போல்ட் போட்ட இடம்தான் பலமான இடம். அந்த நாலு துளைய விட்டு நான் நகரமாட்டேன்."

அட்டையை வெட்டி வெட்டி மாதிரி செய்தாள். மூன்றாவது மாதிரிதான் பொருந்தியது. அதன்படி தடித்த எஃகில் இரண்டு சட்டங்கள் செய்யச் சொன்னாள். சீட் பெல்ட்டின் பூட்டைப் பழைய இடத்திலிருந்து அசைக்கவில்லை. பலத்துக்கு அடையாளமாகத் தலையில் எண் பொறித்த போல்ட்டுகளாகத் தேடி வாங்கிப் போட்டாள். தன் கணவரைப் பிடித்து உட்காரவைத்து ஐம்பது தடவை திருப்பினாள். அவருக்குத் தலை சுற்றியது.

அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "வண்டி ஆய்வுல ஃபெயில் ஆக்கிடுவான். எழுதி வச்சுக்கோ தங்கச்சி," என்றார்.

டீச்சரை ஏற்றுவதற்கு முன்னால் வண்டியை வாகன ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுபோவதென்று அவளே முடிவு செய்திருந்தாள். ஆய்வாளர் சிரிப்பு என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். சீட்டைப் பார்த்ததும் புருவம் நெரிந்தது. இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து, பொறியாளர் ஒருவரின் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது என்றார். நர்சம்மா கோப்பை நீட்டினாள். பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து, இழுத்துச் சோதித்து எழுதிய சான்று இருந்தது. அட்டை மாதிரியின் படம், போல்ட்டுகளின் ரசீது, ஐந்து வருடக் குறிப்பு, பொசுங்கிய பல்புக் கதை உட்பட எல்லாம் இருந்தன. ஆய்வாளர் நின்றபடியே பத்து நிமிடம் படித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"எந்தப் பட்டறையில செஞ்சது?"

"எங்க வீட்டு முற்றத்துல."

"யாரு செஞ்சா? படிவத்துல எழுதணும்."

"நான்தாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு 'மாற்றம் செய்தவர்' என்ற இடத்தில் அவள் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

போட்டி நாளன்று வெயில் கொளுத்தியது. டீச்சரின் வீட்டு வாசலில் சீட்டைத் திருப்பி நிறுத்தினாள். டீச்சர் சந்தேகத்தோடு உட்கார்ந்தார். மகன் கால்களை மெல்லத் தூக்க, நர்சம்மா பிடியை இழுத்தாள். சீட் உள்ளே திரும்பியது.

"அவ்வளவுதானா?" என்றார் டீச்சர்.

"அவ்வளவுதான்."

"இதுக்கா மூணு வருஷம் ஜன்னலைப் பாத்தேன்?"

மலை ஏற்றத்தில் புத்தம் புதிய வண்டிகள் இரண்டு முன்மூடியைத் திறந்துகொண்டு ஓரத்தில் நின்றன. நீலக் காரின் முள் பாதியில் நின்றது நின்றபடியே இருந்தது. டீச்சர் வழி முழுதும் பேசிக்கொண்டே வந்தார். குளத்தின் வாசலில் சீட் வெளியே திரும்பி அவர் கால் தரையில் பட்டதும் பேச்சு நின்றது. குளோரின் வாசனையை மூச்சு நிறைய இழுத்தார். ஈரத்தலையோடு யார் யாரோ ஓடி வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நர்சம்மா கார்க் கதவைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றாள். யாரோ ஒருவர் வந்து, "இந்த சீட்டை எங்கம்மா வாங்கினீங்க? எங்கப்பாவுக்கு வேணும்," என்று கேட்டபோது, பழைய பாகம் விற்கும் இடத்துக்கு வழி சொல்லி, பிடியை இழுத்துச் சீட்டைத் திருப்பிக் காட்டினாள்.

அந்த வருடம் முடிவதற்குள் இன்னும் மூன்று நர்சுகள் வீடுகளுக்குப் போகும் வேலைக்காக வார்டிலிருந்து வெளியே வந்தார்கள். மூவரும் வாங்கியது பழைய ஜப்பான் கார்களைத்தான். அவர்கள் முதலில் கேட்டது என்ன பெயின்ட் அடிக்கலாம் என்பதை. நர்சம்மா மூவரையும் வண்டிக்கு அடியில் படுக்கவைத்து பிரேக் குழாயைக் காட்டினாள்.

சலூனில் இப்போது பேச்சு மாறிவிட்டது. அண்ணன் முடிவெட்ட உட்கார்ந்தால் கணவரே ஆரம்பிக்கிறார். "மச்சான், உங்க வண்டில ஏதோ கடகடன்னு சத்தம் வருதாமே? ஞாயித்துக்கிழமை முற்றத்துக்குக் கொண்டாங்க. அவ பாப்பா. ஆனா ஒண்ணு, பக்கத்துல நின்னு நீங்கதான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கணும்."

அண்ணன் கண்ணாடியில் தன் காதோர முடியைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்.