கல்யாணப் பத்திரிகையில் கிடைத்த வேலை

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் வாலில்லாத பெயர் இருக்கக் கூடாது. மணமகன் என்றால் படிப்பும் கம்பெனியும். தகப்பனார் என்றால் 'ஓய்வு' என்று போட்டு ஓர் இலாகா. ஓய்வு பெறுவதற்குக்கூட ஓர் இலாகா அமையாதவர் என்றால் 'விவசாயம்'. மதுராந்தகம் ஏரியில் ஒரு தடவை கால் நனைத்ததைத் தவிர நீர்ப்பாசனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத என் சித்தப்பா ஒருவர், பத்திரிகைகளில் மட்டும் நிலக்கிழாராகவே வாழ்ந்து முடித்தார். உச்சியில் அச்சாகும் பிள்ளையார் ஒருவரிடம்தான் யாரும் உத்தியோகம் கேட்பதில்லை. சொந்தமாக வாகனம் வைத்திருப்பதால் இருக்கலாம்.

என் தங்கையின் பத்திரிகை அச்சுக்குப் போன அன்று என் பெயருக்குப் பின்னால் எம்.ஏ. மட்டும்தான் இருந்தது. வரலாறு. எனக்கு முப்பதுகளின் நடுப்பகுதி. முன் மண்டையில் முடி விடைபெற ஆரம்பித்திருந்தது. வேலை மட்டும் வந்தபாடில்லை. செங்கல்பட்டு அச்சகத்தில் உட்கார்ந்து பத்திரிகையைச் சரிபார்த்தவர் என் தாய்மாமன். "எம்.ஏ.வுக்கு அப்புறம் இன்னா போடறது?" என்று அச்சகத்துக்காரர் கேட்டாராம். மாமா அவமானத்தில் ஒரு கணம் தவித்துவிட்டு, எனக்கு வேலை கொடுத்துவிட்டார். இத்தனை வருடங்களில் எந்த அரசும் செய்யாத காரியத்தை அவர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் செய்தார்.

இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பட்டம் வாங்கிய கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவன் நான். படித்து முடித்தவன் அந்தக் காலத்தில் செய்கிற முதல் காரியம் அது. இரண்டாவது காரியம், காத்திருப்பது. அரசு ஆள் கேட்கும்போது பதிவு மூப்புப்படி பெயரை அனுப்புவார்கள். நடுவில் அவ்வப்போது போய்ப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் வரிசையின் வாலுக்குப் போய்விடுவோம். நான் மறந்ததே இல்லை. மறக்கும்படி வேறு ஜோலி இருந்தால்தானே? என்னோடு பதிந்தவர்களெல்லாம் பொறுமையிழந்து துபாய்க்கும் ஊரப்பாக்கத்துக்கும் போய், வீடு கட்டி, மாடியும் எடுத்துவிட்டார்கள். எனக்கு நிலமில்லை, வீடில்லை, சீனியாரிட்டி இருந்தது. மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக்காலில் தபசு நிற்கிறாரே, இந்த வட்டாரத்தில் என்னைவிட மூத்த பதிவுதாரர் அவர் ஒருவர்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் கழித்து, இப்படி நீண்ட நாள் காத்திருப்பவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தர ஆரம்பித்தார்கள். எவ்வளவு என்று கேட்காதீர்கள். கொடுத்தவர்களுக்கும் வாங்கியவனுக்கும் கூச்சமான விஷயம். வேலையோ வருமானமோ இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. முழுத் தகுதியோடு நான் விண்ணப்பித்த ஒரே இடம் அதுதான். உடனே கிடைத்தது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எங்கள் பிரிவைப் பார்த்துக்கொண்ட குமாஸ்தாவுக்கு என்னைப் பல வருடங்களாகத் தெரியும். போனால் தலையைத் தூக்காமலே, "இன்னாபா, இன்னும் ஒண்ணும் ஆவலியா?" என்பார். "நீங்கதான் சார் பார்த்து அனுப்பணும்" என்பேன். "நான் இன்னாத்த அனுப்பறது? இந்த நாற்காலிய மாத்திக் குடுங்கடான்னு நானே எழுதிப்போட்டுக் காத்துகினு கீறேன்" என்பார். எங்கள் உறவு இந்த அளவில் உறுதியாக இருந்தது.

பத்திரிகை வந்ததும் அம்மா சொன்னாள்: "மாசாமாசம் உனக்குச் சம்பளம் போட்டுக் குடுக்கற மனுசன். அவருக்கு வெக்காம யாருக்குடா வெக்கப்போற?"

உதவித்தொகையைச் சம்பளம் என்று அவள் சொன்னது எனக்கும் உள்ளூரப் பிடித்திருந்தது. முனைகளில் மஞ்சள் தடவிய பத்திரிகை, வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு போய் அவர் மேசையில் வைத்தேன். அதை நான் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் பத்திரிகையை முழுசாகப் படிப்பதில்லை, தன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் தேடுவார்கள். எனக்கு அந்தப் பழக்கமும் விட்டுப்போயிருந்தது. நான் என் பெயரைத் தேடியதெல்லாம் தேர்வு முடிவுகளில். அங்கே அது இருந்ததே இல்லை.

குமாஸ்தா படித்தார். பிள்ளையாரில் தொடங்கி, மண்டபத்துக்கு வழி வரை, கோப்பு படிக்கிற மாதிரி விரல் வைத்துப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உக்காருங்க சார்."

அந்த அலுவலகத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது.

"எப்ப சார் சேர்ந்தீங்க?" என்று பத்திரிகையைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்குக் கீழே, 'மேலாளர், தனியார் நிறுவனம், சென்னை'.

"சார், இது எங்க மாமா வேலை."

"மாமா கம்பெனியா சார்? நல்லது."

"கம்பெனியே இல்ல சார். வேலையும் இல்ல. சும்மா போட்டுட்டாரு."

"அச்சுல கீதே சார். நான் கண்ணால பார்த்துட்டேன். பார்த்த பொறவும் பணம் போட்டேன்னு வையுங்க, ஆடிட்டுல என்னத் தூக்கி வெளிய கடாசுவான்."

உதவித்தொகை நின்றது. நோட்டீஸ் வந்தது: பதினைந்து நாளைக்குள் வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கு வந்து விசாரித்து, உறவினர் அல்லாத ஒருவரின் சாட்சிக் கையெழுத்தோடு, நான் எந்த வேலையிலும் இல்லை என்று அறிக்கை தரவேண்டும். இல்லாவிட்டால் பதிவே ரத்து. பணம் போனால் போகட்டும்; என் வாலிபம் முழுவதையும் போட்டு வாங்கிய சீனியாரிட்டி அல்லவா போகிறது?

கல்யாணமோ அந்தப் பதினைந்து நாளைக்கு அப்புறம். மாமா கட்டளையிட்டார்: "தாலி ஏறற வரைக்கும் நீ மேனேஜருதான். சம்பந்தி வூட்டுக்குத் தெரிஞ்சா மானம் கப்பலேறிடும்."

"பதிவு போயிடும் மாமா."

"போவட்டும்டா. மேனேஜருக்கு எதுக்குடா பதிவு?"

தான் கொடுத்த வேலையை அவர் நம்பவும் ஆரம்பித்திருந்தார்.

சாட்சிக்குத் தெருவில் அலைந்தேன். எல்லார் வீட்டுக்கும் அந்தப் பத்திரிகை போயிருந்தது. டீக்கடைக்காரர், "நேத்து மேனேஜருன்ற, இன்னிக்கு வேலையில்லன்ற. நான் கையெழுத்தப் போட்டுட்டு கோர்ட்டுக்கு அலையவா? பேஜாரு புடிச்ச வேல நைனா" என்று கை கழுவினார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் இன்னும் மோசம். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்த் தன் மகனின் பயோடேட்டாவைக் கொண்டுவந்து, "உங்க கம்பெனில ஏதாவது பாரு தம்பி" என்று என் கையில் திணித்தார். எனக்கே வேலை இல்லாதபோது ஒருவருக்குச் சிபாரிசு செய்யும் நிலைக்கு உயர்ந்திருந்தேன்.

கெடு முடிகிற சமயத்தில், ஒரு வேலைநாள் காலையில், மாமல்லபுரத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வந்தார். சுற்றுலாக்காரர்களுக்கு வேன் ஓட்டி, பிறகு வேன்களுக்குச் சொந்தக்காரராக ஆனவர். கல்யாணத்துக்கு எங்களுக்கு எத்தனை வேன் அனுப்புவது என்று கேட்க வந்தவர், கூடத்தில் மாமாவோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு மொபெட் நின்றது.

"வருவாய் ஆய்வாளருங்க. இந்த வூட்ல வேலையில்லாதவரு யாரு?"

"அது அடுத்த தெரு சார்" என்றார் மாமா, கண் சிமிட்டாமல்.

ஆய்வாளர் முகவரியைச் சத்தமாகப் படித்தார். எங்கள் வீடுதான். இனித் திரும்பிப் போனால் அவர் மறுபடி வரமாட்டார். அம்மா என் கையைப் பிடித்தாள். ஒரு பக்கம் தங்கை கல்யாணம், இன்னொரு பக்கம் பதினைந்து வருடத்துக்கு மேல் நின்ற வரிசை. தியாகி ஆவதற்குத் தோதான கட்டம்தான். ஆனால் நான் லுங்கியோடு, பாதி உரித்த வெங்காயத்தோடு, கண்ணில் நீர் வழியக் கூடத்துக்கு வந்து, "நான்தான் சார்" என்றேன்.

ஆய்வாளர் என் கண்ணீரைப் பார்த்து, "அழுவாதீங்க, விசாரணைதான்" என்றார்.

மாமா சுவர்க் காலண்டரில் நல்ல நேரம் தேட ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாத்துக்கு சார் விசாரண?"

"இவரு மேனேஜரா இல்லியான்னு."

மாப்பிள்ளையின் அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "இவரா? சார், நான் எப்ப வந்தாலும் வார நாளுதான் வரேன். எப்ப வந்தாலும் இதே லுங்கி, இதே வூடு. எந்த ஊரு கம்பெனில சார் மேனேஜர வெங்காயம் உரிக்க அனுப்பறான்?"

"அப்ப பத்திரிகைல..." என்று மாமா முனகினார்.

"அட போ அண்ணாத்த. எங்க வூட்டுப் பத்திரிகைல என் தம்பிய 'தொழிலதிபர்'னு போட்டுகீது. முட்டுக்காட்டுல படகு தள்ளறான். பத்திரிகைய போயி யாராச்சும் நம்புவாங்களா?"

நம்பியது அரசாங்கம் மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. ஆய்வாளர் பக்கத்தில் இருந்தார். அவர் படிவத்தை எடுத்து, "சாட்சிக் கையெழுத்து யாரு போடறது?" என்றார்.

"சாட்சி வேணும்ல? குடு சார், நான் போடறேன்" என்று மாப்பிள்ளையின் அப்பா பேனாவுக்குக் கை நீட்டினார்.

"நீங்க சம்பந்திங்க. உறவுக்காரங்க கையெழுத்து செல்லாது."

"இன்னும் தாலி ஏறலியே சார். இன்னிய தேதிக்கு நான் யாரோ, இவரு யாரோ. சம்பந்தி ஆயிட்டன்னா அப்புறம் போட முடியாது. சட்டுனு குடு."

ஆய்வாளர் சற்று யோசித்தார். சட்டம் படித்த யாரும் அருகில் இல்லாததால் அது சரியென்றே பட்டிருக்க வேண்டும். 'இவர் எந்த வேலையிலும் இல்லை என்பது எனக்கு நேரில் தெரியும்' என்பதன் கீழே மாப்பிள்ளையின் அப்பா அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். என்னைப் பற்றி அவ்வளவு உறுதியாக எவரும் அதுவரை எழுதிக்கொடுத்ததில்லை.

"அப்ப அந்த மேனேஜர் வேல?" என்றார் மாமா பரிதாபமாக.

"ராஜினாமா பண்ட்டாருன்னு சொல்லிடு அண்ணாத்த. கௌரவமா இருக்கும்."

கல்யாணம் மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. பந்தியில் காற்று இலையைத் தூக்கியது. அப்பளத்தைக் கையால் அமுக்கிக்கொண்டுதான் சாப்பிட முடிந்தது. நான் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தேன். வரிசையின் கடைசியில், வெள்ளைச் சட்டையில், குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். அவர் வருவார் என்று நான் நினைக்கவேயில்லை. இத்தனை நாளாக அலுவலகத்திலிருந்து எந்தத் தகவலும் இல்லை. ரச வாளியோடு அவர் இலைக்கு முன்னால் போய் நின்றேன்.

அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்குக் கூலி உண்டா?"

"இல்ல சார்."

"அப்ப சரி." சோற்றின் நடுவே குழி பறித்தார். "ரிப்போர்ட்டு வந்துச்சு. பதிவு அப்டியேதான் கீது. பணம் அடுத்த மாசத்துலருந்து வரும்." பிறகு, வழக்கம்போல் தலையைத் தூக்காமலே, "இன்னாபா பார்த்துகினு நிக்கற? ரசத்த ஊத்து" என்றார்.

ஊற்றினேன். அன்று கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன்.