ஆடியில் போடாத கையெழுத்து

எடப்பாடியில் நாலு தறி ஓட்டி, ஒற்றை ஆளாக நின்று மகளைப் படிக்க வைத்தவள் கலைமணி. மகள் சுகன்யா இத்தாலியில் தறி மெஷின் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போய், அம்மாவையும் கூட்டி வைத்துக்கொள்ளலாம் என்று அங்கே சொந்தமாக ஒரு வீடு பார்த்தாள். கலைமணி தன் அப்பா கொடுத்த மானாவாரிக் காட்டை விற்று அட்வான்ஸுக்கு அனுப்பினாள். அக்ரிமெண்ட் போட்டாயிற்று. கிரையத் தேதி ஆடி நடுவில் வந்து விழுந்தது.

"ஆடியில யாராச்சும் கிரையம் பண்ணுவாங்களா? ஆவணி பொறக்கட்டும் சாமி," என்றாள் கலைமணி, போனில் மகளிடம்.

"தேதி அக்ரிமெண்ட்லயே இருக்குதுங்கம்மா."

"இருந்தா என்ன? நம்மூர்லயும் தேதி எழுதறதில்லையா? ரெண்டு பெரிய மனுசரோட பழம் வாங்கிட்டுப் போயிப் பேசுனா கெடுவைத் தள்ளிக் குடுக்கறாங்க. நீயும் போயிப் பேசு."

சுகன்யா பழக்கூடையோடு போனாள். வீட்டை விற்கும் கிழவர் காபி கொடுத்தார், சிரித்தார், "பார்க்கலாம்" என்றார். எடப்பாடிப் பக்கம் காபி கொடுத்தாலே பாதிப் பேச்சு முடிந்த மாதிரிதான். கலைமணி அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டாள். அந்த மனுசருக்கு என்ன ஆடி, என்ன ஆவணி! கையெழுத்துப் போடாமலே தேதி தாண்டிய கையோடு அவருடைய வக்கீலிடமிருந்து தகவல் வந்துவிட்டது. கெடு தவறியது, ஒப்பந்தம் முறிந்தது, அட்வான்ஸ் திரும்பாது.

கலைமணி தறியை நிறுத்திவிட்டுப் போனில் கத்தினாள்.

"அநியாயமா இருக்குதே! இப்பிடி ஆகும்னு ஒருத்தரும் உனக்குச் சொல்லலியா?"

"சொன்னாங்கம்மா. கையெழுத்துப் போடறப்பவே வரி வரியாப் படிச்சுக் காட்டுனாங்க. நான் தவறுனா அட்வான்ஸ் போயிரும், அவரு தவறுனா ரெட்டிப்பாத் தரோணும். நம்மூரு அட்வான்ஸ் சீட்டு மாதிரி இல்லீங்க. இங்க கையெழுத்துப் போட்டாலே பாதி வாங்குன மாதிரி."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"



"நீங்க வேண்டாம்னு சொன்னதை என்னிக்குங்கம்மா நான் மீறியிருக்கறேன்?"

என் பிள்ளை என் சொல்லைத் தட்டாது என்று தெருவெல்லாம் பெருமை பேசியவள் கலைமணி. காடு போனதுகூட இப்போது பெரிதாகத் தெரியவில்லை. எல்லாம் தெரிந்திருந்தும், அத்தனை படித்திருந்தும், அம்மாவிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியாமல் அந்தப் பெண் அங்கே தனியாகத் தவித்திருக்கிறாள். அதுதான் தாங்கவில்லை.

"மீறியிருக்கோணும் சாமி," என்றாள் கலைமணி. "இனிமே எம்பேச்சைக் கேக்காதே. உனக்குச் சரின்னு பட்டதைச் செய்யி."

"சரிங்கம்மா," என்றாள் சுகன்யா, எப்போதும் சொல்வது போலவே.