மூன்று பூங்காவுக்கு ஒரே சீட்டு

அம்மாவின் வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருப்பதாகத் திண்டிவனத்து டாக்டர் சொன்னார். சர்க்கரை நோய் நாள்பட்டால் இப்படி ஆவதுண்டு, இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, மெட்ராஸில் ஒளியைப் பாய்ச்சிக் கசிவை அடைக்கப் பார்ப்பார்கள், ஆனால் இருக்கிற பார்வை நிற்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்றார். மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை வந்து சேரும்படி மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது.

நைனா அந்தக் கடிதத்தை என்னை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். "அப்ப ஞாயித்துக்கெழமையே போயிடலாம். ஒரு நாளு முழுக்க இவளுக்கு எதனா காட்டலாம். கண்ணு இருக்கும்போதே." கடைசி வார்த்தை அம்மாவின் காதில் விழுந்துவிட்டதா என்று அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டார். செஞ்சியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கி விற்கிறவர் அவர். அதுவரை குடும்பத்தோடு நாங்கள் போன வெளியூர், தேருக்குப் போன மேல்சித்தாமூர் மட்டும்தான்.

எங்கெங்கே போவது என்று முடிவு செய்வது என் பொறுப்பாயிற்று. சிவில் டிப்ளமோ முடித்து, ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் எனக்கு அது விளங்கும். கல்யாண வீட்டுச் சமையல் சாமானுக்குக்கூட என்னிடம்தான் பட்டியல் கேட்பார்கள்.

பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு டிராவல்ஸ் கடை இருந்தது. வாசலில் ஒரு நோட்டீஸ் தொங்கியது. மெட்ராஸ் பக்கம் மூன்று பூங்கா, ஒரே சீட்டு, ஒரு நாளைக்குச் செல்லும். கடலோரச் சாலையில் முதலைப் பண்ணை, அதற்குக் கொஞ்ச தூரத்தில் ராட்டினங்கள் உள்ள கேளிக்கைப் பூங்கா, கடைசியாக நகரத்துக்குள் கடற்கரையை ஒட்டி மீன் காட்சிசாலை. அதையும் பூங்கா என்றே அச்சடித்திருந்தார்கள். முதல் இரண்டுக்கும் மட்டும் என்று இன்னொரு சீட்டும் உண்டு.

"மூணு பூங்கா சீட்டே வாங்கிக்கம்மா," என்றார் கடைக்காரர். "தனித்தனியா வாங்கினா உனக்குத்தான் நஷ்டம்."

"மீன் காட்சிசாலை எத்தனை மணிக்குத் திறக்கும்?"

"ஞாயித்துக்கெழம மத்தியானம் ரெண்டுக்கு."

"எப்போ மூடுவாங்க?"

"ஆறரை."

"ராட்டினப் பூங்காவிலேருந்து அங்க போக எவ்வளவு நேரம் ஆகும்? பஸ் எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணு?"

அவர் நைனாவைப் பார்த்தார். "இன்னா மொதலாளி, பாப்பா டூர் போவுதா, பரிட்சைக்குப் போவுதா?"

"சர்வே படிச்சது அது," என்றார் நைனா. "அளக்காம வுடாது."

நேரத்தை அளந்தாக வேண்டியிருந்தது. நாங்கள் சமணர்கள். பொழுது இறங்கிய பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது. நானும் தங்கையும் படிக்கப் போன இடங்களில் தவறியிருக்கிறோம். அம்மா ஒரு நாளும் தவறியதில்லை. ஓடுகிற பஸ்ஸிலும் நின்றுகொண்டும் சாப்பிட மாட்டாள். கால் கழுவி, ஓரிடத்தில் உட்கார்ந்து, துணியில் வடிகட்டிய தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும். மாலைச் சாப்பாடு தவறினால் மறுநாள் சூரியன் வரும் வரை பட்டினிதான். முந்தின வருடம் ஒரு சாவு வீட்டிலிருந்து நேரம் கழித்து வந்து அப்படிப் பட்டினி கிடந்தாள். மாத்திரை மட்டும் உள்ளே போயிருந்தது. விடியற்காலையில் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். அதிலிருந்து அவள் மாலைச் சாப்பாடு எங்கள் எல்லோருக்கும் ஒரு கவலை.

ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் சூரியன் மறையும் நேரத்தைத் தெரிந்துகொள்ள நினைத்தேன். ஒரு வாரம் மொட்டை மாடியில் நின்று, சூரியன் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்குவதைக் கைக்கடிகாரம் பார்த்துக் குறித்தேன். ஐந்து ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் கணக்கு. சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டால் தட்டைக் கழுவி வைத்துவிடுவார்கள். பட்டியலில் ஆறு மணிக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டேன். சாப்பிட அரை மணி, முன்னே பின்னே ஆகப் பத்து நிமிடம். ஐந்து இருபதுக்கு அம்மா திருவல்லிக்கேணியில் மாமா வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்திருக்க வேண்டும். மீன் காட்சிசாலைக்கு எப்படிப் போனாலும் ஐந்துக்கு முன் போய்ச் சேர முடியாது. உள்ளே முக்கால் மணி.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயத் தோல் போல் மெல்லிசாக வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். வெங்காயம் எங்கள் வீட்டில் சேர்ப்பதில்லை. பக்கத்து வீட்டம்மா அவள் சீவலைப் பார்த்து அப்படித்தான் சொல்வாள். பார்வை குறைந்த பிறகும் அம்மாவின் விரல் தவறவில்லை.

"அந்த மீனு இருக்கிற எடம்," என்றாள். "அதுல மீனெல்லாம் இன்னா கலர்ல இருக்கும்?"

"பல கலர்ல இருக்கும்."

"எதுத்த வூட்டு டிவில ஒரு நாளு காட்டுனாங்க. எல்லாம் சாம்பலாவே இருந்துது." கொஞ்ச நேரம் கழித்து, "நான் மீனக் கூடையிலதான் பாத்துக்கிறேன். அதுவும் மொகத்தத் திருப்பிக்கினு," என்றாள்.

"அது கறுப்பு வெள்ளை டிவிம்மா, அதான்," என்று விளக்கம் சொல்லிவிட்டு, மீன் காட்சிசாலை இருந்த மூன்றாவது வரியை அளவுகோல் வைத்து அடித்துவிட்டேன். மறுநாள் இரண்டு பூங்காச் சீட்டு நான்கு வாங்கினோம். தங்கை பட்டியலைப் பார்த்து, "அக்கா, ஒண்ணுக்குப் போறதுக்கு எத்தன நிமிஷம் போட்டுக்கிற?" என்று கேட்டாள். அதற்கும் போட்டிருந்தேன்.

ஞாயிறு விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். முதலைப் பண்ணையில் எல்லாம் பட்டியல்படி நடந்தது. சிமெண்டுத் தொட்டிகளில் முதலைகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்து, "இதுல எது உசுரோட இருக்குது?" என்றாள். இரை போடுகிற மணி அடித்ததும் நைனா எங்களையெல்லாம் திரும்பி நிற்கச் சொன்னார். வாங்கிய சீட்டில் பாதி நேரம் நான்கு பேரும் வேப்பமரம் ஒன்றைப் பார்த்தபடி நின்றோம். "இந்த மரம் நம்மூர்லியே இருக்குதே நைனா," என்றாள் தங்கை. அம்மா சிரித்தாள். நைனா சிரிக்கவில்லை.

கேளிக்கைப் பூங்காவில் தங்கை மட்டும் பெரிய ராட்டினத்தில் ஏறினாள். அம்மாவின் கண்ணுக்குத் தெரியட்டும் என்று சிவப்புத் தாவணி கட்டி வந்திருந்தாள். அம்மா கீழே நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் கையை ஆட்டினாள். தங்கையின் பெட்டி அடியில் வந்து நின்ற பிறகும் அவள் மேலே பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தாள். மேலே வேறு ஒரு பெண், வேறு ஒரு சிவப்பு. தங்கை ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினாள். "பாத்தியாம்மா என்னை?" "பாத்தேனே," என்றாள் அம்மா. தங்கை என்னைப் பார்த்தாள்.

அதன் பிறகு பட்டியல் குலைந்தது. மூன்றரைக்கு வர வேண்டிய பஸ் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. வழியெல்லாம் நின்று நின்று, கடற்கரைச் சாலைக்குள் நுழையும்போது ஆறாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பஸ் நகரவில்லை. மாமா வீட்டுக்குப் போய்ச் சேர இன்னும் இருபது நிமிடமாவது ஆகும். நான் கடிகாரத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரி. இரவு முழுக்கப் பட்டினியோடு, மாத்திரையோடு கிடந்து, காலையில் எழுந்து நிற்பாளா? என்னை நம்பித்தான் மூன்று பேரும் கிளம்பியிருந்தார்கள்.

"எறங்கிடலாம்," என்றாள் அம்மா. "இங்கியே சாப்டலாம்."

இறங்கினோம். மத்தியானத்துக்குக் கட்டி வந்ததில் புளிச்சோறும் வடிகட்டிய தண்ணீரும் மிச்சம் இருந்தன. மணலோரம் ஒரு குழாய் இருந்தது. அதில் அவள் காலைக் கழுவத் தொடங்கினாள். எனக்கு அழுகை வரப் பார்த்தது.

"நேரம் போயிடுச்சும்மா. ஆறு அஞ்சு."

"எங்க போச்சி? தோ இருக்குதே."

நான் திரும்பிப் பார்த்தேன். நகரத்துக் கட்டடங்களுக்கு மேல், ஓர் ஆள் உயரத்தில், சூரியன் முழுசாக நின்றுகொண்டிருந்தது. அம்மாவின் கண்ணுக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிற ஒரே பொருள் அதுதான்.

ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. இங்கே மலை கிடையாது. நான் செஞ்சியில் அளந்தது மலை உச்சிக்குச் சூரியன் வருகிற நேரம். அதற்குப் பிறகும் அரை மணி நேரம் அது மலைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டுதான் இருக்கிறது. சர்வே வகுப்பில் கோணமானி பிடித்து அடிவானம் பார்க்கக் கற்றவள் நான். பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்துப் பார்த்து, அதையே அடிவானம் என்று எழுதி வைத்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் நைனாவைப் பார்த்து, "கேட்டியா? இத்தினி வருசமா தெனம் அரை மணி நேரத்த அந்த மல தின்னுக்கினு இருந்துக்குது," என்றாள். நைனா வாய்விட்டுச் சிரித்தார். அன்று முழுவதும் அவர் சிரித்தது அப்போதுதான்.

தங்கைதான் சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். மீன் காட்சிசாலை. கதவு திறந்திருந்தது, ஒரு குடும்பம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆறரை வரை இருக்கும். நாங்கள் நின்ற இடத்திலிருந்து நூறடிகூட இல்லை. முதலையை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தால் நான்கு மணிக்கே உள்ளே இருந்திருப்போம். மூன்று பூங்காச் சீட்டு வாங்கி, பஸ்ஸும் நேரத்துக்கு வந்திருந்தால் முழு நேரமும் பார்த்துவிட்டு இந்த வெயிலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். தூரம், நேரம், விலை என்று எத்தனையோ கட்டம் போட்டவள், எது யாருக்கு வேண்டும் என்று ஒரு கட்டம் போடவில்லை.

"ஓடிப் போயிப் பாத்துட்டு வந்துடலாமா?" என்றேன்.

அம்மா கதவைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள், கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தாள். இருந்தது ஒரு அரை மணி. அதில் இரண்டில் ஒன்றுதான் முடியும்.

"நாளைக்கு ஆஸ்பத்திரில மயங்கி வுழுந்தா நல்லாவா இருக்கும்?" என்று மூடியைத் திறந்தாள். "மீனு எங்க போவப் போவுது. அங்கியேதான் இருக்கும்."

மணலில் இருந்த அத்தனை கூட்டமும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அம்மா மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சூரியனைப் பார்த்தபடி புளிச்சோறு சாப்பிட்டாள். அவசரப்படவில்லை. கடைசி வாயைப் போட்டுத் தண்ணீர் குடித்தபோது சூரியன் கட்டடங்களைத் தொட்டுக்கொண்டிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் காட்சிசாலைக்காரர்கள் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். வலது கண் நிற்கவில்லை. இடது கண் அடுத்த தை வரை நின்றது. இப்போது அவளுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான்.

மறுபரிசோதனைக்குப் போன ஒரு தடவை, அவளை மாமா வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் அந்த மீன் காட்சிசாலைக்குப் போனேன். நோட்டுப் புத்தகத்தில் தொட்டி வாரியாக எழுதிக்கொண்டு வந்தேன். முதல் தொட்டி, மஞ்சள் உடம்பு, இரண்டு கறுப்புக் கோடு, உள்ளங்கை அளவு. இரண்டாவது, வாழைப்பூ நிறம், வால் பிரிந்தது. செஞ்சிக்கு வந்து அதை அவளுக்குப் படித்தேன். கடைசி வரைக்கும் கேட்டாள்.

"அதுங்கோ நம்மளப் பாக்குமா?"

அதை நான் எழுதவில்லை. "சிலது பாத்துதும்மா," என்றேன். உண்மையில் எனக்கு நினைவில்லை.

இப்போது மாலையில் அவளுக்குத் தட்டு வைத்துவிட்டு மாடிக்குப் போவது என் வேலை. கீழேயிருந்து கேட்பாள்.

"இருக்குதா?"

"இருக்குதும்மா."

நேற்று அலுவலகத்திலிருந்து வர நேரமாகிவிட்டது. அவள் இன்னும் தட்டில் கை வைக்கவில்லை. மாத்திரை போட்டிருந்தாள். மாடிக்கு ஏறினேன். மலைக்கு மேல் சிவப்புதான் மிச்சம். சூரியன் அந்தப் பக்கம் இறங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"இருக்குதா?"

"இருக்குது."

கீழேயிருந்து மறுபடி கேட்டாள்.

"எது? செஞ்சி சூரியனா, மெட்ராஸ் சூரியனா?"

நான் படியிறங்கி வந்தேன். அவள் முகத்தை மேற்குப் பக்கம் திருப்பி, தட்டை எதிரில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பொய் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன்.

"மெட்ராஸ்."

அம்மா யோசித்தாள். மலை இருக்கும் திக்கில் முகம் அப்படியே இருந்தது. பிறகு தட்டை இழுத்துக்கொண்டு, "அரை மணி இருக்குதா?" என்று கேட்டாள்.

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"அந்தத் தண்ணிய இப்பிடி வையி," என்று சாப்பிட ஆரம்பித்தாள்.