சுகிர்தம் சொல்லிக்கொடுத்த வழி

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் புள்ளத்தாச்சிகளைக் கவனிக்கிற வேலை சுகிர்தத்துக்கு. தொண்டு நிறுவனம் கொடுத்த குடையும் பையும்தான் உத்தியோக அடையாளம். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயம் லயமாக ஏறி இறங்குவாள். வரமாட்டேன் என்பவளைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போவாள். சத்துணவுக் கொடுப்பனவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பாள். கையெழுத்துப் போட வேண்டியவர் இருக்கமாட்டார். மறுநாளும் போய் நிற்பாள். கோபக்காரிதான். அந்தக் கோபம் இல்லாவிட்டால் இந்த மலையில் ஒரு காகிதமும் நகராது.

ஏழு மாதக்காரி தனுஜாவுக்கு இரத்தம் ஏறவேயில்லை. மூன்று கிளினிக்காக ஹீமோகுளோபின் இறங்கி இறங்கி ஏழரைக்கு வந்துவிட்டது. "இப்படியே போனா பிரசவத்துல தாயும் தாங்காது, புள்ளையும் தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுகிர்தத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"இரும்பு மாத்திரைய சாக்கடைக் கானுக்குள்ளதான வீசுற? பொய் சொல்லாத!"

"மாரியம்மா மேல சத்தியமா போடுறேங்கக்கா." தனுஜா வெற்று அட்டைகளை அள்ளிக் காட்டினாள். "நீங்க சொன்ன மாதிரியே, மறக்காம பத்து மணித் தேத்தண்ணியோட."

அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். கொழுந்து பறிக்கப் போகிறவள் எதை நினைவு வைத்து மாத்திரை போடுவாள்? போத்தலில் கொண்டுபோகும் தேத்தண்ணியை ஒருநாளும் மறக்கமாட்டாளே.

மறுநாள் மிட்வைஃப் பிரியந்தியிடம் இதைச் சொன்னபோது அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, தேத்தண்ணியோட போட்டா இரும்பு ஒடம்புல சேராதே! ஒங்களுக்குக் குடுத்த நோட்டீசுல இருக்கே."

நோட்டீஸ் சிங்களத்தில் இருந்தது. சுகிர்தம் சிங்களம் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. தமிழில் தாருங்கள் என்று மூன்று தடவை கேட்டும் வரவில்லை. யாரைத் திட்டுவது? வாசிக்கத் தெரியாத காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு தெரிந்தவள் மாதிரி பேசியது அவள்தானே. இன்னும் பத்துப் பேருக்கு அதே வழியைச் சொல்லியிருந்தாள்.

அன்று பகல் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில், கூடையோடு வந்த பெண்கள் முன்னால் போய் நின்றாள்.

"நான் பிழையாச் சொல்லிக் குடுத்துட்டேன். இனிமே தேத்தண்ணியோட போடாதீங்க. படுக்கப் போகையில வெறுந்தண்ணியில போடுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தனுஜா கூடையை இறக்கிவிட்டுக் கிட்டே வந்தாள்.

"மூணு மாசமா குமட்டலப் பொறுத்துக்கிட்டு ஒருநாள் விடாம போட்டேனேக்கா. எதுவுமே சேரலயா?"

ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சுகிர்தத்துக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

"பெருசா சேரலம்மா. ஒன் மேல குத்தமில்ல. என் மேலதான்."

தனுஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு மாசந்தானேக்கா இருக்கு, அதுக்குள்ள ரத்தம் ஏறிருமா?" என்றாள்.