முத்திரைக்குப் போன நாள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; எழுத்துப் பிழைகளைப் பொறுத்துப் படியுங்கள். குற்றாலத்துக்கு எல்லோரும் குளிக்கப் போகிறார்கள். நான் அன்று போனது வேறு வேலையாக.

காலை ஏழே கால். அச்சன்புதூரிலிருந்து தென்காசிக்கு பஸ், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். மடியில் பழசாக வாங்கிய எலக்ட்ரானிக் தராசு. "அண்ணாச்சி, அதுக்கும் சீட்டு போடவா?" என்றார் கண்டக்டர். கூச்சப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சீசனில் குற்றாலத்தில் ரம்புட்டான் விற்கிறேன். பதினோரு வருடமாகக் கூறு வைத்துத்தான் விற்பனை. பத்துப் பழம் ஒரு கூறு. கூறுக்குத் தராசு வேண்டாம். தராசு இல்லையென்றால், எடை சரியென்று வருடாவருடம் வைக்கும் அரசு முத்திரையும் வேண்டாம். ஆனால் லாட்ஜுக்காரர்கள் மொத்தமாக வாங்குவது எடை போட்டுத்தான்; கூறு வைப்பவனிடம் வாங்குவதில்லை. இந்த முறை ஒரு லாட்ஜ் மேனேஜர், முத்திரை போட்ட தராசோடு அன்று மாலை நாலு மணிக்குள் வந்தால் சீசன் முழுவதும் என்னிடமே வாங்குவதாகச் சொல்லியிருந்தார். தவறினால் வேறு ஆள்.

ஒன்பது மணிக்கு முத்திரை போடும் இடத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் பதினாறு பேர். பெரிய பலசரக்குக் கடையில் வேலை பார்க்கும் காதர், ஐந்து தராசுகளோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் எழுவதும் உட்காருவதுமாக இருந்தேன்.

"ஏன் அண்ணாச்சி இப்படித் தவிக்கிய?"

"கடை மூடிக் கெடக்கு. இருக்குற பழம் நாளைக்குக் கறுத்துரும்."

"எனக்கு இங்கன சும்மா உக்காந்தாலும் சம்பளம் ஓடுது. அங்கன கடையும் ஓடுது. ஒங்க கடைக்கு மொதலாளியும் நீங்க, வேலையாளும் நீங்கல்லா!"

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு உறைத்தது. சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். அவருடைய முதலாளி அதற்கு ஒரு ஆளை அனுப்புகிறார். நான் ஒரு நாள் பிழைப்பையே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது.

இரண்டே முக்காலுக்கு என் முறை. அதிகாரி ஒவ்வொரு எடைக்கல்லாக வைத்துப் பார்த்து, அடியில் கம்பி கோத்து ஈய முத்திரை வைத்தார். "இதப் பிரிச்சா முத்திரை செல்லாது, பாத்துக்கிடுங்க."

குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். மேலகரம் தாண்டியதும் கார்கள் அடைத்து நின்றன. இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன். சாரல் பிடித்துக்கொண்டது. துண்டால் மூடியும் தராசு நனைந்தது.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேனேஜர் மேசையில் வைத்தேன். எண்கள் நிற்காமல் ஓடின.

"பழமே வைக்கல, நாப்பது கிராம் காட்டுதே! நல்ல யாவாரந்தான்," என்றார் மேனேஜர்.

லாட்ஜ் சமையல்காரர் கத்தியோடு வந்தார். "உள்ள ஈரம் போயிருக்கு. கம்பிய வெட்டித் தொறந்து ஊதிருவோம்."

"தொடாதீங்க!"

என் குரலா என்று எனக்கே சந்தேகம். ஈயத்தின் மேல் கையைப் பொத்திக்கொண்டேன். "பிரிச்சா செல்லாது. அடுப்புப் பக்கம் வைங்க, காஞ்சிரும்."

மணி நாலைத் தாண்டியது. மேனேஜர் செல்போன் அடித்தது. அந்த வேறு ஆள்தான். மேனேஜர் என் கையைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னார்: "செத்த பொறும்வே. இங்கன ஒருத்தர் வந்திருக்காரு."

அடுப்பங்கரையில் நின்று அந்தச் சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரைக்கு அவை நின்றன. மேனேஜர் பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்தார். ஒரு கிலோ ஐந்து கிராம்.

"கவரு அஞ்சு கிராம். சரியாத்தான் இருக்கு. நாளைக்குப் பத்து கிலோ கொண்டாங்க."

திரும்பும் வழியில், என் கடைக்குப் பக்கத்தில் கூறு வைக்கும் மாரியக்கா கேட்டாள்: "முத்திரைக்கு எத்தனை நாள் அலைஞ்சிய?"

"ஒரு நாள்."

"யம்மா, ஒரு நாளா! ஒரு நாள் யாவாரத்த விட்டா நான் எங்கன போவேன்!" அவள் கையை உதறிவிட்டுப் பழத்தை அடுக்கப் போனாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்க எனக்குப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது.

எழுதி முடித்தது: ஆடி மாதம், இரண்டாம் ஞாயிறு.